சுங்கை சிப்புட்ல ஒரு துணிக்கடையும் நான் தச்ச பூக்குழி குவில்ட்டும்

சுங்கை சிப்புட் பக்கம் தையல் வேலை செய்றவங்க இதக் கொஞ்சம் படிங்க. பிளவுஸ், பாஜு குரோங் மட்டும் இல்லாம குவில்ட், அப்ளிக்னு செஞ்சு பாக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா ஒவ்வொரு தடவையும் துணிக்காக ஈப்போ போய்ட்டு வர முடியலன்னு சொல்றவங்களுக்காகத்தான் எழுதுறேன். மூணு மாசமா ஒரே கடையில சாமான் வாங்கி ஒரு ஆர்ட் குவில்ட் முடிச்சிருக்கேன், அந்தக் கடையப் பத்தி எழுதலன்னா எனக்கு மனசு ஆறாது.

கடை பேரு போடல, கடைக்கார ஆன்ட்டி வேணாம்னுட்டாங்க. மெயின் ரோட்டுல பழைய ரெண்டு மாடி கடைவரிசை, அஞ்சடியில, அதான் கடை முன்னால இருக்குற நடைபாதையில, துணி உருளைய நிக்க வச்சிருப்பாங்க, வாசல்ல ஒரு மர ஸ்டூலு, இதச் சொன்னாலே ஊர்ல பாதிப் பேருக்கு எந்தக் கடைன்னு தெரிஞ்சிரும். ஆன்ட்டியோட மாமனார் காலத்துல ஆரம்பிச்ச கடை. எங்க அம்மாவெல்லாம் தோட்டத்துல சம்பளம் போட்ட மறுநாள் இங்க வந்துதான் தீபாவளித் துணி எடுப்பாங்க, காசு பத்தலன்னா புக்குல எழுதிட்டு அடுத்த மாசம் கட்டுவாங்க. ஆன்ட்டி சீனவங்கதான் ஆனா தமிழ் நல்லா பேசுவாங்க, பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுன சனங்களோட 40 வருஷம் வியாபாரம் பண்ணி வந்த தமிழ் அது, என்னை தங்கச்சின்னுதான் கூப்பிடுவாங்க.

முதல்ல நான் என்ன செஞ்சேன்னு சொல்லிடுறேன், அப்பதான் கடை எவ்வளவு உதவுச்சுன்னு புரியும். குவில்ட் செய்றவங்களுக்குள்ள சேலஞ்ச்னு ஒண்ணு நடக்கும், ஒரு தலைப்பு குடுப்பாங்க, ஒரு அளவு, ஒரு கடைசித் தேதி, எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருந்து செஞ்சு போட்டோ அனுப்பணும். இந்தத் தடவ தலைப்பு நம்பிக்கை. சாமி நம்பிக்கைங்குற அர்த்தத்துல, எந்த மதமா இருந்தாலும் சரி. அளவு 24 இஞ்சு சதுரம், பின்னாடி தொங்கவிட 4 இஞ்சு அகலத்துல ஒரு துணிக்குழாய் தச்சிருக்கணும், அவ்வளவுதான் விதி.

குவில்ட்னா மேல் துணி, நடுவுல பேட்டிங்னு சொல்ற பஞ்சு அடுக்கு, அடித்துணி, இந்த மூணு அடுக்கையும் சேத்து ஊடுதையல் போடுறது. போர்வைக்குப் பதிலா அதையே சுவத்துல மாட்டுற படமா செஞ்சா ஆர்ட் குவில்ட். அமெரிக்காவுல இதுக்குன்னே 1989ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு அடுக்கும் தையலும் இருந்தா போதும், கட்டம் கட்டமா இருக்கணும்னு அவசியம் இல்லன்னு சொன்னாங்க. நமக்கும் இது ஒண்ணும் புதுசு கிடையாது. கோயில் வாசல்ல தொங்குற தொம்பை, தேருக்குக் கட்டுற தேர்ச்சீலை, தஞ்சாவூர் பக்கம் துணிய வெட்டி துணி மேல வச்சுத் தைக்கிறாங்களே, அது முழுக்க அப்ளிக் வேலைதான். இங்க மலாய்க்காரங்க வெட்டுத்துணிய பெர்ச்சான்னு சொல்லி அதுல போர்வை தைப்பாங்க. தோட்டத்து லயத்துல பழைய கைலியும் சேலையும் ஒட்டுப்போட்டு மெத்தைக்கு உறை தைக்காத வீடே இல்ல.

நம்பிக்கைன்னு சொன்னதும் நான் முதல்ல முருகர் படம் போடலாமான்னுதான் நெனச்சேன். வேல், மயில், கல்லுமலை கோயில் படி, இப்படி. அப்ப ஹாரியட் பவர்ஸ் பத்தி படிச்சேன். 1837ல அமெரிக்காவுல ஜார்ஜியாங்குற மாநிலத்துல அடிமையாப் பொறந்த கறுப்பினப் பெண், அவங்க பைபிள் கதைய 11 கட்டமா துணியில தச்சாங்க. 1886ல அங்கயே ஏதென்ஸ்ங்குற ஊர்ல பருத்திக் கண்காட்சியில வச்சிருந்தப்ப ஜென்னி ஸ்மித்னு ஒரு ஓவிய ஆசிரியை பாத்துட்டு விலைக்குக் கேட்டாங்க, குடுக்க மாட்டேன்னுட்டாங்க. சில வருஷம் கழிச்சு வீட்ல கஷ்டம் வந்து 10 டாலருக்குக் குடுக்க வந்தாங்க, கடைசியில 5 டாலருக்குத்தான் போச்சு. குடுத்த பிறகும் அந்தக் குவில்ட்ட பாக்கவே திரும்பத் திரும்பப் போயிருக்காங்க. இப்ப அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. இன்னொரு குவில்ட்டுல அவங்க 1833ல நட்சத்திரம் மழை மாதிரி கொட்டுன ராத்திரியத் தச்சிருக்காங்க, அவங்க பொறக்கறதுக்கு முன்னால நடந்தது, ஊர்ல பெரியவங்க சொல்லக் கேட்டது, அது பைபிள்ல இல்ல, ஆனா அவங்களுக்கு அதுவும் கடவுள் காரியம். இதப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எனக்குத் தெரிஞ்ச கடவுள் காரியம் எதுன்னு யோசிச்சேன், எங்க பெரியம்மாவோட பாதம்தான் கண்ணு முன்னால வந்துச்சு.

பெரியம்மா எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல 17 வருஷம் பூ மிதிச்சவங்க. காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சத் தண்ணி ஊத்தி, வேப்பிலைய இடுப்புல சொருகிட்டுப் போவாங்க. ரீப்ளாண்ட்டிங்ல வெட்டுன பால்மரக் கட்டைய லாரியில கொண்டாந்து எரிச்சுத்தான் குழி போடுவாங்க, மத்தியானமே பத்த வச்சா சாயந்திரம் ஜ்வாலை அடங்கித் தணலா கிடக்கும். தீக்குழின்னு சொன்னா பெரியம்மாவுக்குக் கோவம் வரும், பூக்குழின்னு சொல்லு, நீ நெருப்புன்னு நெனச்சா நெருப்பாத்தான் இருக்கும்னுவாங்க. குழி தாண்டுனா பால்குழி, அதுல கால வச்சு எறங்கணும். தோட்டம் கை மாறி செம்பனை வந்து, லயத்துல இருந்த சனமெல்லாம் தாமான் குடியிருப்புக்கு வந்தாச்சு, கோயில் இருக்கு, பூ மிதியும் நடக்குது, பெரியம்மாவுக்கு இப்ப 71, சக்கர வியாதி, டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டாரு. அவங்க காலத்தான் தைக்கப் போறேன்னு முடிவு பண்ணிட்டேன். மேல இருந்து பாக்குற மாதிரி தணல், அதுல நெசமான அளவுல ரெண்டு பாதம், மேல் ஓரத்துல பால்குழி வெள்ளையா ஒரு பட்டை.

இதோட கடைக்கு வர்றேன். முதல் நாள் போய் சிவப்புக் காட்டன் வேணும்னு கேட்டேன். ஆன்ட்டி எதுக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். நல்ல ரத்தச் சிவப்பு ஒண்ணு அலமாரியில இருந்துச்சு, மீட்டர் 9 வெள்ளி (ரிங்கிட்), நான் அதத்தான் கை காட்டுனேன். அவங்க எடுக்கல. ஒரு வெள்ளைத் துணித் துண்ட தண்ணியில நனைச்சு அந்தச் சிவப்பு மேல தேய்ச்சுக் காட்டுனாங்க, வெள்ளை ரோஸ் கலரா வந்துச்சு. "தங்கச்சி, நீ பக்கத்துல பால் வைக்கப் போற, இது ஓடும்" அப்படின்னாங்க. மீட்டர் 14 வெள்ளிக்கு இருந்த இன்னொரு சிவப்ப அதே மாதிரி தேய்ச்சாங்க, ஒட்டவே இல்ல. இதச் சொல்றப்ப விலை கூடினதத் தலையில கட்டுறாங்கன்னு நெனைக்காதீங்க, ஏன்னா அடுத்தாப்ல அடித்துணிக்கு நான் பிரிண்ட் காட்டன் எடுக்கப் போனப்ப அது எதுக்கு, சுவத்துப் பக்கம் திரும்பி இருக்குறதுதானேன்னு சொல்லி பெலாச்சு, அதான் வெளுக்காத காட்டன் துணி, மீட்டர் 6 வெள்ளிக்குக் குடுத்தாங்க, வெட்டுறதுக்கு முன்னால ரெண்டு தடவ சுடுதண்ணியில போட்டு அலசுன்னும் சொன்னாங்க. அலசி அளந்தேன், நல்லாவே சுருங்கியிருந்துச்சு. அலசாம தச்சிருந்தா ஈரம் பட்ட அன்னைக்கே மேல் துணி புடைச்சிருக்கும்.

கடையில என்னைக் கட்டிப் போட்டது வெட்டுத்துணிப் பெட்டி. கல்லாவுக்குக் கீழ மூணு பெரிய பிஸ்கட் டின்னு, தையக்காரங்க திருப்பிக் குடுத்தது, உருளை முடிவுல மிஞ்சுனது, எல்லாம் கலந்து கிடக்கும், எடை போட்டுத் தருவாங்க. அங்க ஒக்காந்து கிளறுனா ஒரு மணி நேரம் போறது தெரியாது, ஆன்ட்டியும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுல எனக்கு ஒரு பட்டுத் துண்டு கெடச்சுச்சு, மயில்கழுத்துக் கலர்னு சொல்வோமே, பாவு ஒரு கலர் ஊடு ஒரு கலர் நெய்யறதால திருப்புற பக்கத்துக்கு ஒரு சாயல் காட்டும், அந்த மாதிரி நெசவு, ஆனா இதுல பாவு கருப்பு, ஊடு ஆரஞ்சு. நேரா பாத்தா கரிக்கட்டை. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா உள்ள நெருப்பு. நான் அத கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே நின்னேன், ஆன்லைன்ல இதப் போட்டோவுல பாத்திருந்தா ஏதோ அழுக்குப் பழுப்புன்னு தாண்டிப் போயிருப்பேன்.

அந்தப் பட்டோட சேத்து மெரூன், செங்கல், மாம்பழ மஞ்சள், கொஞ்சம் பாலியஸ்டர் ஆர்கன்சா, எல்லாம் சேத்து 11 வெள்ளிதான் ஆச்சு. இதையெல்லாம் ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு கோணல் கட்டியா வெட்டுனேன், தணல்ல ரெண்டு கட்டி ஒரே மாதிரி இருக்காது பாருங்க. பின்னாடி பசைத்தாள் ஒட்டி இஸ்திரி போட்டு மேல் துணியில பதிச்சேன். பசைத்தாள்ல ரெண்டு தினுசு உண்டு, இது முக்கியம், தைக்கிறதுக்குன்னு வர்றது லேசா இருக்கும், தைக்காம ஒட்டுறதுக்கு மட்டும் வர்றது கனமா இருக்கும், கனமானதுல ஊசி விட்டா பசை ஊசியில ஒட்டிக்கிட்டு நூலு அறுந்துக்கிட்டே இருக்கும். கடையில ரெண்டும் இருக்கு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான், லேசானதுன்னு கேட்டு வாங்குங்க. ஆர்கன்சாவுக்குச் சூடு ஆகாது, மேல பேக்கிங் பேப்பர் வச்சு சூட்டக் கொறைச்சுத்தான் போடணும், நேரா வச்சா சுருண்டு உருகிடும். நான் ஓரத்த மட்டும் வேணும்னே ஊதுபத்தி நுனியால தொட்டுத் தொட்டுக் கருக்கினேன், அந்தக் கருகின விளிம்பு தணலுக்கு அப்படியே பொருந்துச்சு. இதச் செய்றவங்க ஜன்னலத் தொறந்து வச்சு, பக்கத்துல ஒரு வாளித் தண்ணியோட செய்ங்க.

பேட்டிங்தான் பெரிய தலைவலி. ஆன்ட்டி கடையில பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டுதான் உண்டு, குழந்தைப் போர்வைக்கு வாங்குறது, புசுபுசுன்னு எழும்பி நிக்கும். எனக்குத் தட்டையா வேணும், அதோட பாலியஸ்டர் பஞ்சு இழை கருப்புத் துணி வழியா வெளிய வந்து வெள்ளை முடி மாதிரி தெரியும். சரின்னு ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர்கிட்ட 100 விழுக்காடு காட்டன்னு போட்டிருந்தத 58 வெள்ளி குடுத்து வரவழைச்சேன். தொட்டுப் பாத்ததுமே சந்தேகம், ஒரு இழைய எடுத்து நெருப்புல காட்டுனேன். காட்டன்னா காகிதம் எரியிற வாசம் வந்து மெத்துன்னு சாம்பலாகும். இது உருகி, கருப்புப் புகை விட்டு, ஆறுனதும் குண்டுமணி மாதிரி கெட்டியாயிடுச்சு. அவங்களுக்கு எழுதுனேன், போட்டோ அனுப்புனேன், பிரிச்ச சாமான் திருப்ப முடியாதுன்னு ஒரே பதில். 58 வெள்ளி எனக்கு ஒண்ணரை பிளவுஸ் தச்ச கூலி.

அத ஆன்ட்டிகிட்ட சொன்னப்ப அவங்க உள்ள போய் குழந்தைத் துணிக்கு வாங்குற ஃப்ளானல் எடுத்துட்டு வந்தாங்க, ரெண்டு பக்கமும் மெத்துன்னு இருக்குற காட்டன், ரெண்டு அடுக்கா மடிச்சு என் கையில குடுத்து அழுத்திப் பாருன்னாங்க. தட்டையா இருக்கு, கனமும் இருக்கு, இஸ்திரி சூடும் தாங்கும். சாம்பல் கலர்லயே எடுத்தேன், அப்பதான் இழை வந்தாலும் மேல தெரியாது. ஒன்றரை மீட்டர் 12 வெள்ளி. சுவத்துல மாட்டுற குவில்ட்டுக்கு இது போதும், அடுத்த தடவையும் காட்டன் பேட்டிங் கெடைக்கலன்னா இதையேதான் வாங்குவேன்.

இப்ப நான் சொல்லப் போறதுதான் இந்தக் கடையப் பத்தி நான் எழுதவே காரணம். கட்டியெல்லாம் ஒட்டி முடிச்சு, பெரியம்மா கால நாளிதழ் மேல வச்சு பென்சில்ல வரைஞ்சு அந்த அளவுக்கு மஞ்சத் துணியில ரெண்டு பாதம் வெட்டி மேல வச்சுப் பாத்தேன். நல்லாவே இல்ல. நெருப்பு மாதிரி தெரியல, பட்டுத்துணிக் குவியல் மாதிரி பளபளன்னு இருக்கு, பாதம் அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி நிக்குது. மூணு நாளு கலர மாத்தி மாத்தி வச்சேன். கடைசியில அப்படியே அட்டையில குத்தி பிளாஸ்டிக்ல சுத்தி கடைக்கு எடுத்துட்டுப் போய்ட்டேன், இன்னும் நல்ல சிவப்பு இருந்தா குடுங்க ஆன்ட்டின்னேன்.

ஆன்ட்டி அத அஞ்சடிக்குக் கொண்டு போனாங்க. கடைக்குள்ள டியூப்லைட்டு, கலர் சரியாத் தெரியாது, அவங்க எந்தத் துணியையும் வெளிய கொண்டு போய்த்தான் காட்டுவாங்க. ஸ்டூல் மேல வச்சு கொஞ்ச நேரம் பாத்தாங்க. பெறகு சொன்னாங்க, "இது இப்பதான் பத்த வச்ச நெருப்பு தங்கச்சி. கால் வைக்கிற நெருப்பு இப்படி இருக்காது. சாம்பல் எங்க?" சின்ன வயசுல அவங்க அம்மாவோட தோட்டத்துக் கோயிலுக்கு வந்து பூ மிதி பாத்திருக்காங்க, வீட்ல ரொம்ப வருஷம் கரி அடுப்புதான் வச்சிருந்தாங்க, தணல் மேல சாம்பல் பூத்து நெறமே தெரியாம கிடக்கும், விசிறுனாத்தான் உள்ள சிவப்பு தெரியும்னாங்க. உள்ள போய் சாம்பல் நெறத்துல நெட்டுத் துணி எடுத்துட்டு வந்தாங்க, கல்யாண கவுனுக்கு அடியில வைக்கிற மெல்லிசு நெட்டு, மீட்டர் 4 வெள்ளி, அத அப்படியே மேல விரிச்சாங்க.

அவ்வளவுதான். பளபளப்பெல்லாம் அடங்கிருச்சு. நெருப்பு கீழ போயிருச்சு, ஆனா இருக்கு. நீறு பூத்த நெருப்புன்னு சின்ன வயசுல இருந்து எத்தன தடவ சொல்லியிருப்போம், கோவத்த உள்ள வச்சிருக்குறவங்களுக்குச் சொல்வோம், அடங்கிக் கிடக்குற பகைக்குச் சொல்வோம், அன்னைக்குத்தான் அந்த வார்த்தைய நான் கண்ணால பாத்தேன். நீறுன்னா நெத்தியில பூசுறதும் அதே நீறுதானே. எனக்கு அஞ்சடியிலயே கண்ணு கலங்கிருச்சு.

அதுக்கப்புறம் பாதத்துக்கு மஞ்சத் துணியே தேவைப்படல. கால் பட்ட எடத்துல சாம்பல் விலகி உள்ள தணல் சிவப்பாத் தெரியும்தானே, அதனால பாதத்தோட கோட்டுல நெட்டு மேல தையல் ஓட்டி, உள்பக்கம் மட்டும் நெட்ட வெட்டி எடுத்தேன். வளைஞ்ச நுனி உள்ள சின்னக் கத்திரிக்கோல், தையலுக்கு ரெண்டு மில்லிமீட்டர் உள்ள தள்ளி, நெட்ட மட்டும் நகத்தால தூக்கிப் பிடிச்சு, ஒவ்வொரு கண்ணா வெட்டணும், கை தவறுனா கீழ இருக்குற பட்டு போயிரும். பெரியம்மாவுக்கு வலது பெருவிரல் கொஞ்சம் உள்பக்கம் வளைஞ்சிருக்கும், சுண்டுவிரல் தரையில சரியாப் படாது, அது நாளிதழ் கோட்டுலயே விழுந்திருந்துச்சு, அத அப்படியே வெட்டுனேன். வலது பாதம் கீழ, எடது பாதம் மேல, எடது கால் விரல் நுனி மட்டும் பால்குழிக்குள்ள போயிருக்கும். பால்குழிக்கு வெள்ளை வாயில் ரெண்டு அடுக்கு, அதுல தையல் ரொம்பப் போடல, லேசா அலை மாதிரி மூணு வரி.

தணல் முழுக்க ஃப்ரீ மோஷன் தையல். மெஷின்ல துணிய நகத்துற பல்ல எறக்கிட்டு, அதுக்குன்னு இருக்குற கால்பூட்ட மாட்டி, நாமளே துணிய நகத்தித் தைக்கிறது, கையும் பெடலும் ஒரே வேகத்துல போகணும், இல்லன்னா தையல் ஒரு எடத்துல நெருக்கமா ஒரு எடத்துல தொளதொளன்னு வரும். ஆன்ட்டி கடையில ஆர்கன் ஊசி எல்லா நம்பரும் வச்சிருக்காங்க, நான் 14ம் நம்பர் எடுத்தேன், பசையும் பட்டும் நெட்டும் ஃப்ளானலும் சேந்த கனத்துக்கு 11 முறிஞ்சிரும். ஜரிகை நூல்தான் கொஞ்சம் அழ வச்சுச்சு, ரெண்டு இஞ்சுக்கு ஒரு தடவ பிசிறி அறுந்துச்சு. மேல் நூல் இறுக்கத்தக் கொறைச்சேன், மெதுவா ஓட்டுனேன், அப்பவும் சரிப்படல. பெறகு ஜரிகைய பாபின்ல சுத்தி, குவில்ட்டக் கவுத்துப் போட்டு அடிப்பக்கத்துல இருந்து தச்சேன், ஊசிக்கண்ணு வழியா அது போக வேண்டிய வேலையே இல்ல, ஒரு தடவ கூட அறுந்து போகல. பாதத்தச் சுத்தி மட்டும் ஒரு ஒத்த வரி, பொறி பறக்குற மாதிரி அங்கங்க நாலு புள்ளி.

பெரியம்மாகிட்ட காட்டுனேன், ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, பெறகு வேப்பிலை எங்கடின்னு கேட்டாங்க. மறுபடியும் கடைக்கு ஓடி பச்சை நூல் மூணு சாயல் வாங்கிட்டு வந்து, எடது பாதத்துக்குப் பக்கத்துல விழுந்து கிடக்குற மாதிரி ஒரு கொத்து தச்சேன், வேப்பிலைக்கு நடுநரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்காது, ஒரு பக்கம் புடைச்சு வளைஞ்சிருக்கும், ஓரம் ரம்பம் மாதிரி, வாசல் மரத்துல ஒண்ணு பறிச்சு மெஷின் மேல வச்சுப் பாத்துத்தான் தச்சேன். தணல் மேல விழுந்த எலை கருகியிருக்கணுமேன்னு என் மக கேட்டா. ஆத்தா வேப்பிலை கருகாதுன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க, பச்சையாவே விட்டுட்டேன்.

இனி கடையில கொறையும் சொல்லணும். காட்டன் பேட்டிங் இல்லங்குறது பெரிய கொறை. நல்ல காட்டன்ல பிளைன் கலர் 20க்கு மேல இருக்காது, நீலத்துலயும் பச்சையிலயும் சாயல் சாயலா வேணும்னா ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கோ கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவுக்கோதான் போகணும். உருட்டு வெட்டுக் கத்தி, அளவு பாய் மாதிரி குவில்ட் சாமான் எதுவும் கிடையாது, நான் அட்டையும் பழைய இரும்பு ரூலரும் வச்சுத்தான் வேலை பாத்தேன். கடைக்கு முன்னால காடி நிறுத்த எடம் கெடைக்கிறது கஷ்டம், சனிக்கிழமை சுத்தமா கெடைக்காது. ஞாயித்துக்கிழமை கடை மூடல், மத்த நாள் அஞ்சரைக்கே கதவு எறக்கிடுவாங்க, வேலைக்குப் போய்ட்டு வர்றவங்களுக்கு அது சிரமம். மாடிக்குப் போற படி செங்குத்து, வயசானவங்களக் கூட்டிட்டுப் போனா கீழயே ஒக்கார வச்சு துணிய எறக்கிக் காட்டச் சொல்லுங்க, ஆன்ட்டியே எறக்கிக் காட்டுவாங்க. கார்ட் வாங்க மாட்டாங்க, கியூஆர் உண்டு. வெட்டுன துணியத் திருப்ப முடியாது, ஆனா வெட்டுறதுக்கு முன்னால ரெண்டு தடவ கேப்பாங்க, எவ்வளவு அளவு, எதுக்கு, நிச்சயமான்னு. கால் மீட்டர் கேட்டாலும் முகம் சுளிக்காம வெட்டித் தருவாங்க, ஈப்போவுல சில எடத்துல ஒரு மீட்டருக்குக் கொறைஞ்சு வெட்ட மாட்டேன்னு என்னைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. பழைய ஆளுங்க எலா (கெஜம்) கணக்குல கேட்டாலும் சரியா மாத்திக் குடுப்பாங்க.

மொத்தமா எனக்கு ஆனது, அந்த 58 வெள்ளியச் சேக்காம, 94 வெள்ளி. அதுல துணி பாதி, பசைத்தாள், நூல், ஊசி பாதி.

முடிச்சதும் ஓரத்துக்கு பைண்டிங் போடல, பட்டி வச்சு உள்பக்கம் மடிச்சுத் தச்சேன், அப்பதான் தணல் ஓரம் வரைக்கும் போகும், சட்டம் போட்ட மாதிரி நிக்காது. நேரா தொங்குறதுக்காக நனைச்சு இழுத்துக் காய வைக்கச் சொல்வாங்க, நான் பட்டையும் சிவப்பையும் நெனச்சு பயந்து ஆவி மட்டும் காட்டி அட்டையில குத்திக் காய வச்சேன். நம்ம ஊர் ஈரத்துக்கு மடிச்சு பிளாஸ்டிக்ல வைக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிரும், பழைய காட்டன் சேலையில உருட்டி வைங்க, தச்ச பக்கம் வெளிய இருக்கட்டும்.

போட்டோ அனுப்புறதுக்கு மொத நாள் கடைக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டுனேன். ஆன்ட்டி முன்பக்கத்த அப்புறம்தான் பாத்தாங்க, முதல்ல திருப்பி அடிப்பக்கத்தப் பாத்தாங்க, பெலாச்சு மேல தையல் ஓடுனத வெரலால தடவிட்டு, நூல் முடிச்சு எங்கயும் தொங்கலன்னு தலைய ஆட்டுனாங்க. பெறகு அஞ்சடிக்குக் கொண்டு போய் பெலாச்சுத் துணி உருளை மேல சாய்ச்சு வச்சாங்க. மீ கடைக்குப் போன ரெண்டு மூணு பேர் நின்னு பாத்தாங்க, ஒரு அம்மா செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க.

காட்டன் பேட்டிங் பத்தி அன்னைக்கே கேட்டேன். ஒரு உருளையா எறக்கணும்னா சப்ளையர் முழு உருளைதான் தருவாரு, ஒரு ஆளுக்காக எறக்க முடியாது, அஞ்சாறு பேரு கேட்டா எறக்குறேன்னு ஆன்ட்டி சொல்லியிருக்காங்க. கோலகங்சார், சுங்கை சிப்புட், செம்மோர் பக்கம் தைக்கிறவங்க போனீங்கன்னா கேட்டு வைங்க, அகலம் எவ்வளவு வேணும்னும் சொல்லிட்டு வாங்க, அவங்க புக்குல எழுதி வச்சுக்குவாங்க. இப்போதைக்கு அதுல என் பேரு மட்டும்தான் இருக்கு, ரெண்டு மீட்டர்.